தூசியை உள்ளிழுத்தவர்: ஹியூபர்ட் செசில் பூத்

தூசிக்கு விலை இருக்கும் ஊர்கள் உலகில் அதிகம் இல்லை. நமது மலைநாடு அவற்றுள் ஒன்று. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் உள்ள தேயிலை ஸ்டோர்களில் சலித்துத் தரம் பிரிக்கும்போது கடைசியில் விழும் நுண்ணிய தூளுக்கு டஸ்ட் என்றே பெயர். அதுவும் பொதியாகிக் கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. அதே ஸ்டோரில் விலைபோகாத இன்னொரு தூசியும் உண்டு. கொழுந்தின் மேலிருந்த மெல்லிய உரோமங்கள் காய்ந்து உதிர்ந்து, பஞ்சைப் போல மிதந்து, உத்தரத்திலும் யன்னல் சட்டத்திலும் இயந்திரங்களின் இடுக்குகளிலும் படிந்துவிடும். சலிக்கும் அறையில் வேலைசெய்யும் தாய்மார் துணியால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்வது இதற்காகத்தான். தும்புத்தடியால் கூட்டினால் அது எழும்பி வேறோர் இடத்தில் மறுபடியும் அமரும். ஒரு பங்கு கூட்டியவருடைய நெஞ்சுக்குள் போய்விடும்.

அடிக்காமல், ஊதாமல், கூட்டாமல், தூசியை இழுத்துப் பிடித்துப் பைக்குள் அடைத்துவிடலாம் என்ற எண்ணம் 1901ஆம் ஆண்டு இலண்டனில் ஓர் இளம் பொறியியலாளருக்குத் தோன்றியது. அவர்தான் ஹியூபர்ட் செசில் பூத். எடிசனையும் கிரஹம் பெல்லையும் நாம் எல்லோரும் அறிவோம். அரசர்களின் மாளிகைக் கதவுகள் ஒரு காலத்தில் பூத்துக்காகத் திறந்தன. ஆனால் இன்று அவர் பெயரைச் சொன்னால் யாரது என்று கேட்போரே அதிகம். அவரை மறக்காமல் வைத்திருப்பவர்கள் ஒரு விநோதமான கூட்டத்தார்.

முத்திரை சேர்ப்போரை நாம் கண்டிருக்கிறோம். நாணயம் சேர்ப்போரையும் கண்டிருக்கிறோம். தூசுறிஞ்சி சேர்ப்போர், அதாவது வெக்கியூம் கிளீனர் சேர்ப்போர், இருக்கிறார்கள் என்றால் முதலில் சிரிப்புத்தான் வரும். அமெரிக்காவில் இவர்களுக்கென்றே ஒரு கழகம் உண்டு. மிசூரி மாநிலத்தின் சென் ஜேம்ஸ் என்ற சிற்றூரில் ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது. இங்கிலாந்தில் ஒருவர் நூற்றுக்கணக்கில் சேர்த்துக் கின்னஸ் ஏட்டிலேயே இடம்பிடித்தார். இவர்கள் பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவைத்து அழகு பார்ப்பவர்கள் அல்லர். தேய்ந்த காபன் துண்டை மாற்றி, வெடித்த வயரை நீக்கிப் புதியது பூட்டி, கிழிந்த துணிப்பையைத் தைத்து, கம்பளத்தில் மண்ணைத் தூவி ஓட்டிப் பார்ப்பவர்கள். ஒவ்வொரு மொடலுக்கும் ஒரு குரல் உண்டாம். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே ஆண்டைச் சொல்லக்கூடியவர்களும் இருக்கிறார்கள். சிறுவயதில் தாயோ பாட்டியோ வீட்டில் ஓட்டிய இயந்திரத்தைத் தேடிப் புறப்பட்டு, பின்னர் விடமுடியாமல் போனவர்களே அவர்களில் பலர். நம் வீடுகளில் உம்மம்மாவின் பாக்கு உரலையும் வாப்பாவின் பழைய ரேடியோவையும் வைத்திருப்பது போலத்தான் இதுவும்.

எந்தச் சேகரிப்பாளரும் முதல் இயந்திரத்தைத் தேடுவது இயல்பு. தூசுறிஞ்சியின் வரலாற்றில் அப்படித் தேடிப் போகிறவர் ஒரு சுவரில் முட்டிக்கொள்வார். பூத்தின் முதல் இயந்திரத்தை எந்த வீட்டு அலுமாரியிலும் வைக்க முடியாது. அது குதிரை இழுத்த வண்டி.

ஹியூபர்ட் செசில் பூத் 1871 ஜூலை 4ஆம் திகதி இங்கிலாந்தின் குளொஸ்டர் நகரில் பிறந்தார். தந்தை மரவியாபாரி. உள்ளூரில் படித்த பின் 1889இல் இலண்டன் தென் கென்சிங்டனில் இருந்த மத்திய தொழினுட்பக் கல்லூரியில் சேர்ந்து, குடிசார் பொறியியலும் இயந்திரப் பொறியியலும் மூன்றாண்டுகள் கற்றார். 1892இன் முடிவில் மோட்ஸ்லி, சன்ஸ் அன்ட் ஃபீல்ட் என்ற புகழ்பெற்ற நிறுவனத்தின் வரைபடப் பகுதியில் வேலை கிடைத்தது. கப்பல் இயந்திரங்கள் செய்த நிறுவனம் அது. போர்க்கப்பல்களுக்கான இயந்திர வடிவமைப்பில் பூத்தும் ஈடுபட்டார்.

அவருடைய இளமையில் பெரிய வேலை வேறு. திருவிழாக்களில் நாம் ஏறும் இராட்டினத்தை மலையளவு பெரிதாக்கி, அதில் இரயில் பெட்டியைப் போன்ற அறைகளைத் தொங்கவிட்டு, நகரத்தையே மேலிருந்து காட்டும் மோகம் அப்போது ஐரோப்பாவைப் பிடித்திருந்தது. இலண்டன், பிளக்பூல், வியன்னா, பாரிஸ் ஆகிய நான்கு நகரங்களின் மாபெரும் சக்கரங்களில் பூத்தின் உழைப்பு உண்டு. இலண்டன் சக்கரம் 1895இல் சுழலத் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகளில் முடிந்துபோனது. பிளக்பூல் சக்கரம் 1928 வரை நின்றது. 1897இல் எழுந்த வியன்னாச் சக்கரம் மட்டும் இரண்டாம் உலகப் போரில் எரிந்தும் திருத்தப்பட்டு, இன்றைக்கும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு சுழல்கிறது.

பிளக்பூல் என்றதும் நமக்கு வேறோர் இடம் நினைவுக்கு வரும். நுவரெலியாவுக்கும் நானுஓயாவுக்கும் இடையே அதே பெயரில் ஓர் இடம் உண்டு. அங்கேதான் 1912இல் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர சிறிய நீர்மின் நிலையம் ஒன்றை அமைத்து நுவரெலியா நகருக்கு மின்சாரம் தந்தார். பூத்துக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் பின்னாளில் பூத்தின் இயந்திரமும் அதன் பிள்ளைகளும் வீடுகளுக்குள் நுழைய மின்சாரம்தான் வழிதிறந்தது என்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன்.

இனிக் கதையின் முக்கியமான இடம். 1901இல் இலண்டன் எம்பயர் மண்டபத்தில் ஓர் அமெரிக்கர் புதிய துப்புரவு இயந்திரம் ஒன்றைச் செய்து காட்டினார். பூத்தும் பார்க்கப் போனார். அந்த இயந்திரம் அழுத்திய காற்றைக் கம்பளத்தின் மேல் பீறிட்டு அடித்தது. தூசி எழுந்து பெட்டிக்குள் போய் விழவேண்டும் என்பது எண்ணம். விழுந்தது கொஞ்சம், மீதி பார்வையாளர் தலையில் படிந்தது. பூத் அந்த மனிதரிடம் போய், ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சினால் என்ன என்று கேட்டார். அது நடக்காத காரியம், பலரும் முயன்று தோற்றார்கள் என்று அவர் சற்றுக் கோபத்தோடு பதில் சொல்லிவிட்டு நடந்துவிட்டாராம்.

பூத் அதை மனத்தில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தார். சில நாட்களின் பின் விக்டோரியா வீதியில் ஓர் உணவகத்தில் நண்பர்களோடு இருந்தபோது, தம் கைலேஞ்சியை எடுத்து, பட்டுத்துணி போர்த்திய கதிரையின் சாய்வில் விரித்து, அதன்மேல் வாயை வைத்து மூச்சைப் பலமாக உள்ளிழுத்தார். புரைக்கேறி மூச்சுத் திணறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கைலேஞ்சியைத் திருப்பிப் பார்த்தால் அதன் மறுபக்கத்தில் கறுப்பாக ஒரு வட்டம். காற்று துணிக்குள்ளால் வந்துவிட்டது. தூசி வெளியே நின்றுவிட்டது. விசையை மட்டும் தேடிய மற்றவர்கள் கண்ணுக்கு இந்தத் துணி தட்டுப்படவில்லை. தூசுறிஞ்சி என்றால் பம்பி பாதி, வடிகட்டும் துணி பாதி. பூத் இரண்டையும் ஒரே மூச்சில் கண்டுகொண்டார்.

விஞ்ஞானம் படிக்கும் தோழியருக்காக ஒன்று. உறிஞ்சுதல் என்று நாம் சொல்லும் விசை உண்மையில் இழுக்கும் விசை அல்ல. பம்பி குழாய்க்குள் காற்றைக் குறைக்கிறது; வெளியே இருக்கும் வளிமண்டலக் காற்று அந்த வெற்றிடத்தை நிரப்ப ஓடிவருகிறது; வரும் வழியில் தூசியைத் தள்ளிக்கொண்டு வருகிறது. வேலை செய்வது வெளிக்காற்றுத்தான். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எனவே கொழும்பில் வாங்கிய அதே இயந்திரம் இங்கே சற்று மெலிவாகவே வேலை செய்யும். புதிய இயந்திரம் சரியாக இழுக்கவில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகுமுன் இதையும் எண்ணிப்பாருங்கள்.

காற்றை ஓட்டி வேலை வாங்கும் கலை தேயிலைக்கும் புதிதல்ல. பெல்பாஸ்ட் நகரத்துச் சாமுவேல் டேவிட்சன் என்பவர் இந்தியத் தேயிலைத் தோட்டத்தில் வேலைசெய்து, கொழுந்தை வெப்பக் காற்றால் உலர்த்தும் இயந்திரத்தைக் கண்டறிந்தார். பிறகு சிறந்த சுழல்விசிறிகளையும் செய்தார். சிறொக்கோ என்ற அவருடைய முத்திரையைத் தாங்கிய இயந்திரங்கள் இலங்கைத் தோட்டங்களுக்கும் வந்தன. வீட்டுத் தூசுறிஞ்சிக்குள் இன்று சுழல்வதும் நடுவில் காற்றை வாங்கி ஓரத்தால் வீசும் அத்தகைய விசிறியே. ஆனால் பூத் விசிறியைத் தொடவில்லை. அவர் முசலப் பம்பியைத்தான் நம்பினார். அதற்கு அவர் கொடுத்த விலையைப் பின்னால் பார்ப்போம்.

1901 ஓகஸ்ட் 30ஆம் திகதி அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அடுத்த ஆண்டில் நிறுவனமும் உருவானது. செக்கச் சிவந்த ஒரு வண்டி, அதற்குள் பெற்றோல் இயந்திரத்தால் ஓடும் பம்பி, வண்டியிலிருந்து நூறடிக்கும் மேல் நீளும் குழாய்கள். வண்டி வீட்டு வாசலில் நிற்கும். சீருடை அணிந்த பணியாளர்கள் குழாய்களை யன்னல் வழியே உள்ளே கொண்டுபோவார்கள். இயந்திரம் போட்ட இரைச்சலுக்குப் பஃபிங் பில்லி என்று மக்கள் பட்டம் சூட்டினார்கள். தெருவில் போன குதிரைகள் மிரண்டு ஓடின. குதிரை வண்டிக்காரர்கள் நட்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். பொதுவீதியில் இதை நிறுத்தி வேலை செய்ய உரிமை இல்லை என்றது பொலிஸ். வழக்கு மேலே போய், இறுதியில் பூத்துக்கு அனுமதி கிடைத்தது.

அவரைத் தூக்கிவிட்டது ஒரு முடிசூட்டு விழா. 1902இல் ஏழாம் எட்வேட் மன்னர் முடிசூடவிருந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் விரித்திருந்த பெரிய கம்பளங்கள் ஆயத்த வேலைகளில் அழுக்காகிவிட்டன. தூக்கி வெளியே கொண்டுபோய் அடிக்க நேரமில்லை. யாரோ பூத்தின் பெயரைச் சொல்ல, சிவப்பு வண்டி வந்து நின்றது. கம்பளம் இருந்த இடத்திலேயே சுத்தமானது. மன்னர் செய்தி அறிந்து, இயந்திரத்தைத் தமக்கு முன்னால் ஓட்டிக்காட்டச் சொன்னார். பக்கிங்ஹாம் மாளிகைக்கும் வின்ட்சர் கோட்டைக்கும் ஒவ்வொன்று வாங்கப்பட்டது. அரசர் வாங்கினால் மற்ற அரசர்கள் சும்மா இருப்பார்களா? ஜேர்மனியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மும் துருக்கியின் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதும் தத்தமது மாளிகைகளுக்கு வரவழைத்தார்கள். திமிஷ்கிலிருந்து மதீனாவுக்கு ஹிஜாஸ் இரயில் பாதையைப் போட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் சுல்தானின் மாளிகைக் கம்பளங்களுக்கு இந்த இயந்திரமும் போனது. இன்று நம்மூர்ப் பள்ளிவாசல்களில் தொழுகை விரிப்புகளின் மேல் ஓடும் இயந்திரத்தின் மூத்த உறவு அது என்று சொன்னால் பிழையில்லை.

இத்தனை புகழுக்கு நடுவில் பூத் எங்கே இருந்தார் என்று பார்த்தால், பாதி நேரம் ஸ்கொட்லாந்தில். 1902இலும் 1903இலும் எற்றிவ் கடற்கழிக்கு மேலாகக் கொனல் பாலத்தின் இரும்புக் கட்டுமானத்தை நிறுவும் பொறுப்பு அவருடையது. அன்று இரயிலுக்காகக் கட்டிய அந்தப் பாலத்தில் இன்று வாகனங்கள் ஓடுகின்றன. தூசுறிஞ்சி அவருக்கு ஒரு கிளைவேலையாகத்தான் தொடங்கியது. தம்மைப் பாலம் கட்டுபவராகவே அவர் எண்ணியிருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இலண்டன் செல்வந்தர் வீடுகளில் இதற்கொரு மோகமே பிறந்தது. சீமாட்டிகள் தோழியரைத் தேநீருக்கு அழைப்பார்கள். விருந்தினர் தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில் பூத்தின் ஆட்கள் கம்பளத்தைச் சுத்தம் செய்வார்கள். குழாயின் ஒரு பகுதி கண்ணாடிபோலத் தெளிவாக வைக்கப்பட்டிருந்ததால் தூசி ஓடுவதை எல்லோரும் பார்க்கலாம். தங்கள் கம்பளத்தில் இவ்வளவா என்று வாயில் கைவைப்பார்களாம். அந்தத் தேநீர் எங்கிருந்து போனதோ! அக்காலத்தில் இலங்கைத் தேயிலை இலண்டன் சந்தையில் கொடிகட்டிப் பறந்தது என்பது நமக்குத் தெரியும். கொழுந்து பறித்தவரின் பெயரைப் போலவே, வழக்கமாக அந்தக் கம்பளத்தை முதுகு ஒடிய அடித்துச் சுத்தம் செய்த வேலைக்காரப் பெண்ணின் பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை. நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம் நம் வீடுகளில் நடக்கும் துப்புரவை எண்ணிக்கொள்ளுங்கள். அதை ஆண்டு முழுவதும், பிறர் வீட்டில், நிலக்கரிப் புகையும் கரியும் படிந்த அறைகளில் செய்த பெண்கள் அவர்கள். கசரோகம் பயமுறுத்திய காலமும் அது.

தூசியின் அளவைக் கேட்டால் நம்பமாட்டீர்கள். முதலாம் உலகப் போரின்போது இலண்டன் கிறிஸ்டல் பலஸ் கண்ணாடி மாளிகையில் கடற்படையினர் தங்கவைக்கப்பட்டிருந்தனர். அவர்களிடையே கொடிய காய்ச்சல் பரவியது. மாளிகையின் இரும்புச் சட்டங்களில் பல்லாண்டு படிந்திருந்த தூசியின் மேல் வைத்தியர்களுக்குச் சந்தேகம் எழுந்தது. பூத்தின் 15 இயந்திரங்கள் போயின. சில வாரங்களில் அகற்றப்பட்ட தூசி 26 தொன். நாணயம் அச்சடிக்கும் அரச சாலையைச் சுத்தம் செய்துவிட்டு வெளியேறிய பணியாளர்கள், பையில் சேர்ந்த தூசியோடு வெள்ளித் துகளும் இருந்ததால் வாசலில் மறிக்கப்பட்டார்கள் என்றொரு கதையும் சொல்வார்கள்.

இவ்வளவும் செய்தவர் ஏன் மறக்கப்பட்டார்? அவருடைய இயந்திரம் வண்டியைவிட்டு இறங்கவில்லை என்பதே என் எண்ணம். பூத் விற்றது பொருளையல்ல, சேவையை. வண்டி வரும், சுத்தம் செய்யும், பணம் வாங்கும், போகும். பெரிய கட்டடங்களுக்கு நிலையான பம்பியும் சுவருக்குள் ஓடும் குழாய்களும் அமைத்துக் கொடுத்தார். சாதாரண வீட்டுக்குள் ஒரு பெண் தானே தள்ளிக்கொண்டு போகும் சிறிய கருவி வேண்டும் என்பதை அவருடைய நிறுவனம் உணராமலும் இல்லை. 1906இல் மின்சாரத்தால் ஓடும் ஒரு தள்ளுவண்டி மொடலை வெளியிட்டார்கள். அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்; விலை 35 கினி. அன்றைய வேலைக்காரப் பெண் ஒருத்திக்கு ஓராண்டு முழுவதும் கிடைத்த சம்பளம் அதற்குப் போதாது. முசலப் பம்பி வலிமையானது, ஆனால் பாரமானது. விசிறி வலிமை குறைந்தது, ஆனால் இலேசானது. வீடு இலேசானதைத் தேர்ந்துகொண்டது.

அந்த இலேசான இயந்திரத்தைச் செய்தவர் பொறியியலாளர் அல்லர். அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில், கான்டன் நகரக் கடை ஒன்றில் இரவுத் துப்புரவு வேலை செய்த ஜேம்ஸ் மரி ஸ்பங்லர் என்ற வயது முதிர்ந்த தொழிலாளி. அவருக்கு ஆஸ்துமா. கூட்டும்போது எழும் தூசியில் மூச்சு முட்டியது. வேலையை விட்டால் சோறில்லை. ஒரு மின்விசிறி மோட்டர், ஒரு பெட்டி, தும்புத்தடியின் கைபிடி, ஒரு தலையணை உறை ஆகியவற்றைப் பொருத்தித் தமக்கென்று ஒன்றைச் செய்துகொண்டார். 1908இல் காப்புரிமை கிடைத்தது. தயாரிக்கப் பணமில்லாததால் குடும்ப நண்பியான சூசன் ஹூவர் என்ற பெண்ணுக்கு ஓட்டிக்காட்டினார். அந்த அம்மையார் வீட்டில் பாவித்துப் பார்த்து, தோற்பொருள் செய்துவந்த தம் கணவர் வில்லியம் ஹென்றி ஹூவரிடம் எடுத்துச் சொல்ல, கணவர் உரிமையை வாங்கினார். குதிரைச் சேணத்துக்குக் கிராக்கி குறைந்துகொண்டிருந்த நேரம் அது. பிறகு நடந்ததை உலகம் அறியும். இங்கிலாந்திலேயே, பூத்தின் சொந்த மண்ணிலேயே, வீட்டைத் தூசுறிஞ்சியால் சுத்தம் செய்வதற்கு ஹூவர் செய்வது என்று பேச்சு வழக்கு வந்துவிட்டது.

ஸ்பங்லரின் கதையை நான் படித்தபோது நம் சலிக்கும் அறைகள்தான் கண்முன் வந்தன. பூத் கைலேஞ்சியால் ஒருமுறை மூச்சுத் திணறினார். ஸ்பங்லர் இரவுதோறும் திணறினார். சிறிய இயந்திரம் அவரிடமிருந்து வந்ததில் ஆச்சரியமில்லை.

இதே துறையில் ஒரு பெண்ணையும் குறிப்பிடாமல் போகக்கூடாது. 1876இல் மெல்வில் பிஸல் என்ற அமெரிக்கர், கையால் தள்ளும் உருளைத் தூரிகைப் பெட்டி ஒன்றைச் செய்தார். தம் பீங்கான் கடையில் பெட்டிகளிலிருந்து கொட்டும் மரத்தூள் தந்த தொல்லைதான் காரணம். அவர் 1889இல் இறந்ததும் மனைவி அன்னா நிறுவனத்தைப் பொறுப்பேற்று, காப்புரிமைகளையும் பெயரையும் காத்து, வெளிநாடுகளுக்கும் வியாபாரத்தை விரித்தார். அமெரிக்காவில் பெரிய நிறுவனம் ஒன்றை நடத்திய முதற் பெண்களில் அவரும் ஒருவர்.

பூத்திடம் திரும்புவோம். இயந்திரத்தை மட்டுமன்றிப் பெயரையும் அவர் இழந்தார். வெக்கியூம் கிளீனர் என்பது அவருடைய நிறுவனத்தின் பெயர்; அவர்களே பரப்பிய சொல். போட்டியாளர் ஒருவர் அதே சொல்லைத் தம் நிறுவனத்துக்கும் வைத்தபோது பூத்தின் நிறுவனம் நீதிமன்றம் போனது. அந்தச் சொல் இயந்திரம் செய்யும் வேலையை விளக்கும் பொதுச்சொல்லே, ஒருவருக்கு மட்டும் சொந்தமாகாது என்று 1907இல் தீர்ப்பு வந்தது. காப்புரிமைக்கான வழக்குகளும் ஆண்டுக்கணக்கில் நடந்து பிரபுக்கள் சபை வரை சென்றன. சட்டப்படி அந்தத் தீர்ப்பு நியாயம்தான். ஆனாலும் ஒரு மனிதர் ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டு அதன் வாசலிலேயே நிறுத்தப்பட்டதை எண்ணினால் மனம் என்னவோ செய்கிறது.

சேகரிப்பாளர்களின் வரிசையில் பார்த்தால் அடுத்தடுத்து வந்தவை எல்லாம் பூத்தின் இயந்திரத்தைச் சுருக்கும் முயற்சிகளே. 1921இல் சுவீடனின் எலெக்ட்ரொலக்ஸ் நிறுவனம் நீள்உருளையைச் சறுக்குக் கட்டைகளில் வைத்துத் தரையில் இழுத்துச் செல்ல விட்டது. 1950களில் ஹூவர் நிறுவனம் கோளம்போன்ற கொன்ஸ்டலேசனை வெளியிட்டது; தான் வெளியேற்றும் காற்றின் மேலேயே அது மிதந்து வரும். அதன் வட்ட மேனிக்காகவே தேடித் தேடி வாங்குவோர் இன்றும் உண்டு. ஜேம்ஸ் டைசன் 5,127 மாதிரிகள் செய்து பார்த்து, பையே இல்லாமல் காற்றைச் சுழற்றித் தூசியைப் பிரிக்கும் வழியைக் கண்டார். பூத்தின் கைலேஞ்சியை ஏறத்தாழ எண்பது ஆண்டுகளின் பின் கழற்றியவர் அவர்தான். இப்போது தட்டையான சின்ன இயந்திரம் ஒன்று ஆளில்லாமலே வீட்டுக்குள் ஊர்கிறது. அது கதவு நிலையில் முட்டித் திரும்புவதைப் பார்க்கப் பிள்ளைகளுக்கு வேடிக்கை.

இவை எல்லாம் தாய்மாரின் வேலையைக் குறைத்தனவா என்பது வேறு கேள்வி. அமெரிக்க வரலாற்றாசிரியை ரூத் ஷ்வாட்ஸ் கொவன் 1983இல் எழுதிய நூலில், இயந்திரம் வந்த பின் வீட்டுப்பெண்ணின் வேலைநேரம் குறையவில்லை என்று காட்டினார். முன்பு ஆண்டுக்கு ஒருமுறை பலர் சேர்ந்து கம்பளம் அடித்தார்கள். ஆண்களும் பிள்ளைகளும் தூக்கிக் கொடுத்தார்கள். இயந்திரம் வந்ததும் அது வாராவாரம் ஒருத்தி தனியாகச் செய்யும் வேலையாயிற்று. பெற்றோர் இந்தப் பக்கத்தை வாசித்தால், வாப்பாமாரும் நானாமாரும் சற்று யோசிக்கட்டும்.

பூத்தின் பிற்காலம் அமைதியானது. குளொஸ்டரைச் சேர்ந்த சார்லட் மேரி பியர்ஸ் அவர் மனைவி, இரண்டு ஆண்மக்கள். நிறுவனத்தின் தலைவராக முதுமை வரை இருந்தார். தொழிற்சாலைகளுக்கும் பெரிய கட்டடங்களுக்கும் துப்புரவு அமைப்புகளைச் செய்துகொடுக்கும் வேலை தடையின்றி நடந்தது. வீட்டு இயந்திரங்களை அவருடைய நிறுவனம் கொப்ளின் என்ற பெயரில் விற்றது. 1930களின் நடுவில் பொறியியல் வரலாற்றை ஆராயும் நியூகொமன் சங்கத்தின் முன், தூசுறிஞ்சி பிறந்த கதையை அவரே கட்டுரையாக வாசித்தார். எம்பயர் மண்டபத்துக் காட்சியையும் கைலேஞ்சியையும் நாம் அறிவது அதனால்தான். 1955 ஜனவரி 14ஆம் திகதி, 83 வயதில், இலண்டனை அடுத்த குரொய்டனில் காலமானார்.

கொப்ளின் என்ற பெயரை இன்று இங்கிலாந்தில் முதியவர்களிடம் சொன்னால் தூசுறிஞ்சியைவிட வேறொன்றுதான் முதலில் நினைவுக்கு வரும். 1933இல் பிரென்னர் தோன்டன் என்பவர் காப்புரிமை பெற்ற ஒரு கருவியை அந்த நிறுவனம் வாங்கி, டீஸ்மேட் என்ற பெயரில் வீடுவீடாகப் பரப்பியது. படுக்கையருகே வைக்கும் மணிக்கூடும் கேத்தலும் சேர்ந்த கருவி அது. குறித்த நேரம் நெருங்கியதும் நீரைத் தானாகவே கொதிக்கவைக்கும். மூடிய பாத்திரத்தில் நீராவியின் அழுத்தம் ஏறி, கொதிநீரைக் குழாய் வழியே தேயிலை போட்ட பாத்திரத்துக்குள் தள்ளும். கேத்தலின் பாரம் குறைந்ததும் விசை விழுந்து மணி அடிக்கும். இங்கேயும் அழுத்தம்தான் வேலைக்காரன். பழைய கொப்ளின் தூசுறிஞ்சியையும் டீஸ்மேட்டையும் ஒரே மேசையில் அருகருகே வைத்திருக்கும் சேகரிப்பாளர்கள் உண்டு. வருகிறவர்களுக்கு முதலாவதை ஒரு பிடி மண்ணைத் தூவி ஓட்டிக்காட்டுவார்கள். இரண்டாவதற்கு ஒரு கரண்டி தேயிலை போடுவார்கள்.